கண்ணாடியும் அடிமட்டமும் முதலில்

கேள்வி: எனக்கு 33 வயது. களுவாஞ்சிக்குடிக்குக் கிட்டவுள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு இரண்டரை வயது, பால் மறக்கடித்து எட்டு மாதம். இரண்டு பேருக்கும் பால் கொடுத்து முடிய மார்பு வற்றி, காற்றுப் போன பை மாதிரித் தொங்குகிறது. மார்புக்குள் சிலிக்கோன் பை வைத்துப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தால், கனடாவில் இருக்கும் அக்கா செலவைத் தான் பார்ப்பதாகச் சொல்லுறா. கணவர் "உன் விருப்பம்" என்கிறார். மாமிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கொழும்பில் செய்யலாம் என்கிறார் ஒருவர். சென்னைக்குப் போய் ஐந்து நாளில் முடித்துவிட்டு வரலாம் என்கிறார் ஒரு முகவர். சிலிக்கோன் வைத்தால் புற்றுநோய் வருமா? இன்னொரு பிள்ளை பிறந்தால் பால் கொடுக்கலாமா? எத்தனை நாள் லீவு வேண்டும்? பார்லரில் ஊசி போட்டே பெரிதாக்கலாம் என்கிறார்களே, அது சரியா?

பதில்:

அன்பின் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்லர் ஊசி வேண்டவே வேண்டாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் போடுகிறவருக்கே தெரியாது. திரவச் சிலிக்கோன் என்றால் அது போட்ட இடத்தில் நிற்காது. சதைக்குள் ஊறி, கட்டி கட்டியாகி, வருடங்கள் கழித்துத் தோல் உடைந்து வடியும். முழுவதையும் எடுக்க முடியாமல் மார்பையே அகற்ற வேண்டி வந்த பெண்கள் இருக்கிறார்கள். பொலியக்ரிலமைட் ஜெல் என்ற இன்னொரு பொருளைச் சீனாவில் பல காலம் ஊசியால் ஏற்றினார்கள். சிக்கல்கள் குவிந்து 2006இல் அங்கேயே அதைத் தடை செய்தார்கள். கிறீம், மசாஜ் எண்ணெய், மாத்திரை எதுவும் வற்றிய மார்பை நிரப்பாது. அவற்றால் காசுதான் போகும்.

இனி உங்கள் மார்புக்கு வருவோம். "காற்றுப் போன பை" என்று நீங்கள் எழுதியது சரியான வர்ணனை. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் பால் சுரப்பிகள் பெருத்துத் தோலை இழுத்து விரிக்கின்றன. பால் நின்றதும் சுரப்பி சுருங்கிவிடும், ஆனால் விரிந்த தோல் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே உள்ளே நிரப்பு குறைந்தது ஒன்று, வெளியே தோல் மிஞ்சியது இன்னொன்று என்று இரண்டு குறைகள் சேர்ந்து நிற்கின்றன. சிலிக்கோன் பை முதலாவதை மட்டும்தான் சரிசெய்யும். மிஞ்சிய தோல் அதிகமாக இருக்கும்போது பையை மட்டும் வைத்தால், பை மேலே நிற்க மார்பு அதன் முன்னால் வழிந்து தொங்கும். பெரிய பை போட்டால் தூக்கி நிறுத்தும் என்று நினைப்பது பிழை. பாரம் கூடக்கூட இன்னும் இறங்கத்தான் செய்யும்.

உங்களுக்கு எது தேவை என்பதை ஓரளவு வீட்டிலேயே பார்த்துவிடலாம். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, மேலாடை இல்லாமல் கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். பிள்ளையின் 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றை எடுத்து, மார்பு நெஞ்சோடு சேரும் அடிமடிப்புக்குள் கிடையாகப் பிடியுங்கள். மற்றக் கை சும்மா தொங்கட்டும். இப்போது பக்கவாட்டில் திரும்பி, முலைக்காம்பு அடிமட்டத்தின் மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, சமமாக நிற்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே நின்றால் பை மட்டும் போதுமாக இருக்கலாம். சமமாக நின்றால் இரண்டுங்கெட்டான் நிலை, அதை நிபுணர் கையால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கீழே இறங்கியிருந்தால், அதுவும் 3 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கியிருந்தால், மார்பை உயர்த்திக் கட்டும் சத்திரசிகிச்சை இல்லாமல் நீங்கள் நினைக்கும் வடிவம் வராது.

உயர்த்திக் கட்டுவதென்றால் தழும்பு கூடும். முலைக்காம்பைச் சுற்றி ஒரு வட்டமும் அதிலிருந்து அடிமடிப்பு வரை செங்குத்தாக ஒரு கோடும் வரும். தோல் மிக அதிகமென்றால் மடிப்பு நீளத்துக்கு இன்னொரு கோடும் சேரும். உயர்த்துவதையும் பை வைப்பதையும் ஒரே நாளில் செய்யும் நிபுணர்கள் உண்டு. முதலில் உயர்த்திவிட்டு, சில மாதம் கழித்துத் தேவையென்றால் மட்டும் பை வைப்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாகச் செய்யும்போது தோலை இறுக்குவதும் உள்ளே இருந்து தள்ளுவதும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. அதனால் திருத்தச் சத்திரசிகிச்சைக்குத் திரும்பி வருகிறவர்களும் அதிகம். என் அபிப்பிராயம், நிபுணரிடம் போனதும் "எத்தனை சிசி வைப்பீர்கள்" என்று தொடங்க வேண்டாம். "பை இல்லாமல் உயர்த்திக் கட்டினால் மட்டும் எனக்குப் போதுமா?" என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த பலருக்கு ப்ராவுக்குள் சதை போதிய அளவு இருக்கிறது, இடம்தான் மாறிக் கிடக்கிறது.

பை தேவை என்றே முடிவானால் அளவைப் பற்றி யோசிக்கலாம். ப்ரா சைஸைச் சொல்லிக் கேட்பதில் பிரயோசனம் இல்லை, அது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். சத்திரசிகிச்சையில் பேசுவது சிசியில், அதாவது மில்லிலீற்றரில். அதை வீட்டில் உணர்ந்து பார்க்கச் சின்னவளின் சூப்பிப் போத்தல் போதும். போத்தலில் உள்ள கோட்டைப் பார்த்து 200 மில்லி பச்சை அரிசி அளந்து, பழைய நைலோன் காலுறையின் நுனியில் கொட்டி முடிச்சுப் போடுங்கள். அதே அளவில் இரண்டு செய்து, பஞ்சு வைக்காத மெல்லிய ப்ராவுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணித்தியாலம் வீட்டு வேலை செய்யுங்கள். குனிந்து கூட்டுங்கள், தேங்காய் துருவுங்கள், படியேறி இறங்குங்கள். அடுத்த நாள் 250, பிறகு 300. கண்ணாடியில் பிடித்த அளவைத் தோளும் கழுத்தும் பிடிக்காமல் விடுவதை அப்போதே கண்டுகொள்வீர்கள். 300 மில்லி அரிசி ஏறக்குறைய 250 கிராம்தான் வரும். அதே அளவு சிலிக்கோன் ஜெல் 300 கிராமுக்குக் கிட்ட. இரண்டு பக்கமும் சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல் ஒரு பாரத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அளவை உங்கள் நெஞ்சின் அகலம்தான் தீர்மானிக்கும். நிபுணர் மார்பின் அடி அகலத்தை அளப்பார். பை அதைவிட அகலமாக இருந்தால் நடுவில் இரண்டும் முட்டும், அல்லது கக்கத்துப் பக்கம் பிதுங்கும். மேல்மார்பில் தோலையும் சதையையும் இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். அது 2 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் பையின் விளிம்பு வெளியே தெரியும் என்பதால், மேற்பாதியை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பது வழக்கம். தசைக்கு அடியில் வைத்தால் நோவு சற்றுக் கூட. கையை அழுத்தி எதையாவது தள்ளும்போது மார்பு அசைவதும் தெரியும். தசைக்கு மேலே வைத்தால் சீக்கிரம் ஆறும், ஆனால் ஒல்லியானவர்களுக்குச் சுருக்கம் சுருக்கமாகத் தெரியலாம். உருண்டை வடிவமா நீர்த்துளி வடிவமா என்ற விவாதத்துக்கு அதிகம் செவி கொடுக்க வேண்டாம். நீர்த்துளி வடிவம் உள்ளே சுழன்றுவிட்டால் மார்பு கோணலாகிவிடும், உருண்டைக்கு அந்தப் பயம் இல்லை.

புற்றுநோய்க் கேள்விக்கு நேரான பதில் இது. சிலிக்கோன் பையால் சாதாரண மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் பையைச் சுற்றி உடல் கட்டும் தழும்பு உறையில் அரிதாக ஒருவகை லிம்போமா, அதாவது நிணநீர்த் தொகுதிப் புற்றுநோய், வருகிறது. அது பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு தொடர்புபட்டது. அந்தக் காரணத்துக்காகவே 2019 ஜூலையில் அலர்கான் கொம்பனி தன்னுடைய பயோசெல் வகைச் சொரசொரப்புப் பைகளை உலகம் முழுவதும் திருப்பி எடுத்தது. ஆகவே மழமழப்பான மேற்பரப்புள்ள பையையே கேளுங்கள். இந்த நோயின் வழக்கமான அறிகுறி, பை வைத்துப் பல வருடம் கழித்து, பெரும்பாலும் 8, 10 வருடத்தில், ஒரு பக்க மார்பு திடீரென்று நீர் கோர்த்து வீங்குவது. நேரத்தோடு பிடித்தால் பையையும் உறையையும் முழுதாக அகற்றுவதோடு பலருக்குக் குணமாகிறது. அதைவிட அரிதாக அதே உறையில் வேறு புற்றுநோய்களும் பதிவாகியுள்ளன. இன்னொன்றும் உண்டு. பை வைத்த சிலர் தீராத களைப்பு, மூட்டு நோவு, மறதி, தோல் தடிப்பு என்று சொல்கிறார்கள். அதை உறுதிப்படுத்த ஒரு இரத்தப் பரிசோதனை கிடையாது. பையை எடுத்தபின் சிலருக்குக் குறைகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் அந்த லிம்போமாவையும் இந்த உபாதைகளையும் கட்டம் போட்ட எச்சரிக்கையாக அச்சிடும்படி உற்பத்தியாளர்களுக்குக் கட்டளையிட்டது. உங்களிடம் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுகிறவர் இவற்றில் ஒன்றையும் வாய் திறந்து சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அக்காவின் காசு ஒரு தடவைக்குத்தான். பை ஒரு தடவையோடு முடியாது. அழகுக்காகப் பை வைத்தவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 10 வருடத்துக்குள் ஏதோ ஒரு காரணத்துக்காக அதை எடுக்க வேண்டி வருகிறது. கூடுதலாகக் காணும் காரணம், சுற்றியுள்ள உறை இறுகிப்போவது. உறை எல்லோருக்கும் உருவாகும், அது இயல்பு. சிலருக்கு அது தடித்துச் சுருங்கி, மார்பு கல்லுப் போலாகி, உருக்குலைந்து, நோகத் தொடங்கும். சத்திரசிகிச்சையின்போது கசிந்த இரத்தம், கண்ணுக்குத் தெரியாத சிறு கிருமித்தொற்று, சிகரெட் எல்லாம் அதைத் தூண்டும். அடுத்தது பை கிழிவது. இன்றைய ஜெல் தடிப்பானது, ஜெலி மாதிரி, கிழிந்தாலும் உடனே ஓடாது. அதனாலேயே கிழிந்தது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். 5, 6 வருடத்தில் முதல் ஸ்கான், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒன்று என்பது தற்போதைய ஆலோசனை. அந்த ஸ்கான்களின் செலவையும், என்றோ ஒரு நாள் மாற்றும் செலவையும் யார் பார்ப்பது என்று அக்காவோடு இப்போதே பேசிவிடுங்கள்.

பால் கொடுக்கலாமா என்றால், பெரும்பாலும் முடியும். அடிமடிப்பில் வெட்டி வைத்தால் பால் குழாய்களுக்குச் சேதம் குறைவு. முலைக்காம்பைச் சுற்றி வெட்டினால் பால் குறையும் சாத்தியம் கூடுகிறது. பை வைத்த தாயின் பாலில் சிலிக்கன் மற்றத் தாய்மாரைவிட அதிகமாகக் காணப்படவில்லை, பசுப்பாலிலும் பால்மாவிலும் அதைவிடக் கூடுதலாக உண்டு. ஆனாலும் இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்தால் பொறுங்கள். பிள்ளை பெற்றுப் பாலும் கொடுத்து முடிந்தால் தோல் இன்னொருமுறை விரிந்து சுருங்கும், செய்த வேலை பாதி வீணாகும். பால் நின்று 6 மாதமாவது போக வேண்டும் என்பதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, எட்டு மாதம் ஆகிவிட்டது.

பையே வேண்டாம் என்பவர்களுக்கு வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி மார்பில் ஏற்றும் முறை உண்டு. ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளை பாதியும் கரைந்துவிடும். சிறு மாற்றம் போதும் என்பவர்களுக்கு அது ஏற்றது.

ஆயத்தம். முதலில் மார்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்து, கட்டி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 40 கடந்தவர்களுக்கும், தாய் சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் மமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) தேவை. இரத்தப் பரிசோதனை, சீனி, கர்ப்பப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள். அஸ்பிரின், டைக்ளோஃபினக், ஐபுபுரோஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, உள்ளி மாத்திரை என்பன இரத்தக் கசிவைக் கூட்டும். ஏறக்குறைய 10 நாளைக்கு முன்னரே நிறுத்த வேண்டும், வைத்தியர் எழுதித் தந்த மருந்தென்றால் அவரைக் கேட்டுத்தான். கறிக்குப் போடும் உள்ளி பரவாயில்லை. கசாயம், குளிசை ஏதாவது நாட்டு வைத்தியத்தில் எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சிகரெட் பிடிக்க மாட்டீர்கள், ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதுவும் நிக்கொட்டின்தான். முன்னும் பின்னும் 4 கிழமை கூடாது, தோலுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கிக் காயத்தை ஆறவிடாது. ஈஸ்ரஜன் உள்ள கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மாற்று வழி ஒன்றை ஒழுங்கு செய்துகொண்டு நிறுத்துங்கள். சும்மா நிறுத்திவிட்டு அடுத்த மாதம் கர்ப்பத்தோடு போய் நிற்க வேண்டாம்.

அன்று திண்ம உணவும் பால் தேநீரும் 6 மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தம். தண்ணீரும் பால் போடாத பிளேன்ரீயும் 2 மணித்தியாலம் வரை குடிக்கலாம், மயக்க மருந்து கொடுக்கும் உணர்வழியியல் நிபுணர் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. உங்களை நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு இடம் மாறிவிடும் என்பதால் நிற்கும்போது போட்ட கோட்டை வைத்துத்தான் வேலை நடக்கும். முழு மயக்கம். வெட்டுவதற்கு முன் ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்த நாளத்தில் அன்ரிபயோற்றிக் ஊசி. அடிமடிப்பில் 4, 5 சென்ரிமீற்றர் வெட்டு. உள்ளே பைக்கு அளவான ஒரு குழியைப் பிரித்து, இரத்தக் கசிவுகளைச் சுட்டு அடைத்து, கிருமிநாசினியால் கழுவி, கையுறை மாற்றிக்கொண்டு, பை தோலில் படாமல் உள்ளே விடுவார்கள். மேசையை நிமிர்த்தி உங்களை இருக்க வைத்து இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தைப்பு. பை மட்டுமென்றால் ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடியும்.

கண் விழிக்கும்போது எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை பெற்ற உங்களுக்கு விளக்குவது சுலபம். மூன்றாம் நாள் பால் கட்டி, மார்பு கல்லுப் போல் இறுகி, தொட விடாமல் விண் விண் என்று தெறித்ததே, அதுதான். மூன்று தொடக்கம் ஐந்து நாள் அப்படி இருக்கும், மருந்துக்கு அடங்கும். ஆனால் அது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று வீங்கி, இறுகி, நிறம் மாறி, மருந்துக்கும் அடங்காமல் நொந்தால் உள்ளே இரத்தம் கட்டுகிறது. அநேகமாக முதல் 24 மணித்தியாலத்தில், சில வேளை இரண்டு மூன்று நாளில். வீட்டில் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கும் காரியமல்ல. திரும்பச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டு போய், திறந்து, இரத்தத்தை எடுத்து, கசியும் இரத்த நாளத்தை அடைக்க வேண்டும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, கொழும்பில் செய்தால் அடுத்த நாளே பஸ் ஏற வேண்டாம். மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு முழுவதும் குலுங்கிய பயணம். வழியில் மார்பு வீங்கினால் யாரிடம் போவீர்கள்? முதல் இரவு வைத்தியசாலையிலேயே தங்குங்கள். பிறகு ஒரு கிழமை, முடிந்தால் 10 நாள், அரை மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போகக்கூடிய உறவினர் வீட்டிலோ விடுதியிலோ இருந்து, காயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். திரும்பும்போது ரயில் நல்லது, எழுந்து நடக்கலாம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெட்டிக்குள் நடவுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பயணப் பையை வேறு யாராவது தூக்கட்டும்.

சென்னையில் திறமையான நிபுணர்கள் நிறைய இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. என் மறுப்பு அந்த ஐந்து நாளுக்குத்தான். கிருமித்தொற்று வழக்கமாக முதல் மூன்று நான்கு கிழமைக்குள் தலைகாட்டும். அப்போது நீங்கள் களுவாஞ்சிக்குடியில், வெட்டியவர் கடலுக்கு அப்பால். போவதென்றால் இரண்டு கிழமையாவது தங்கும் திட்டத்தோடு போங்கள். திருத்தம் தேவைப்பட்டால் செலவும் விமானச் சீட்டும் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முகவரின் வாய்வார்த்தையை நம்பிப் போக வேண்டாம்.

லீவு என்றால், எழுத்து வேலைக்கு 10 நாளில் திரும்பலாம். நீங்கள் ஆசிரியை. கரும்பலகையில் தோளுக்கு மேல் கையை உயர்த்தி எழுதுவது தசைக்கு அடியில் பை வைத்தவருக்கு 4 கிழமைக்குக் கூடாது. தவணை விடுமுறையோடு சேர்த்துப் போட்டால் லீவு மிஞ்சும். டிசம்பர் விடுமுறையில் மாரி வெள்ளம் வந்து றோட்டு அறுந்தால் கிளினிக் போக முடியாமல் நிற்பீர்கள். ஓகஸ்டில் கச்சான் காற்றும் வெக்கையும், வியர்வை அடிமடிப்பில் தேங்கும். இரண்டில் நான் ஓகஸ்டைத்தான் சொல்வேன். வியர்வைக்கு வழி உண்டு, முன்பக்கம் கொளுவும் பருத்திச் சத்திரசிகிச்சை ப்ரா மூன்று வாங்கி நாளுக்கு இரண்டுமுறை மாற்றுங்கள். அந்த ப்ரா இரவும் பகலும் 6 கிழமைக்கு. கம்பி வைத்த ப்ரா மூன்று மாதத்துக்கு வேண்டாம். தலைப்பக்கம் உயர்த்தி, மல்லாக்கப் படுங்கள்.

மாமி விஷயம். ஒளித்துச் செய்யலாம், ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளையை ஒளிக்க முடியாது. 12 கிலோ இருக்கும் அவள் ஓடி வந்து "தூக்கம்மா" என்று கையை நீட்டுவாள். 4 கிழமைக்கு 2, 3 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. நீங்கள் இருந்துகொண்டு அவளை மடியில் ஏற விடலாம், தூக்குவது வேறொருவர் வேலை. கிணற்றில் வாளி இழுப்பது, உடுப்பு அடித்துத் துவைப்பது, அம்மி, கேஸ் சிலிண்டர் தள்ளுவது எல்லாம் 6 கிழமைக்கு நிறுத்தம். ஸ்கூட்டி இரண்டு மூன்று கிழமை கழித்து, சடாரென்று பிரேக் பிடித்தாலும் நெஞ்சு நோகாது என்ற நிலை வந்தபின். இதையெல்லாம் மாமியின் கண்ணுக்கு முன்னால் காரணம் சொல்லாமல் ஒப்பேற்றுவது கஷ்டம். மாமிக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதும் நீங்கள்தான். ஆனால் வீட்டில் ஒரு பெண்ணுக்காவது முழு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

நீர்புகாத கட்டுப் போட்டிருந்தால் இரண்டு நாளில் தோளுக்குக் கீழே அள்ளி வார்த்துக் குளிக்கலாம். தலை முழுக யாராவது உதவட்டும். கடல், வாவி, குளம் 6 கிழமைக்கு வேண்டாம். காயத்தில் மஞ்சள் பூசுவது, எண்ணெய் வைப்பது கூடாது. இறால், நண்டு, கணவாய் தின்றால் சீழ் பிடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள், உங்களுக்கு ஒவ்வாமை இல்லாவிட்டால் தாராளமாகத் தின்னுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும், பத்தியமென்று சோறும் ரசமுமாகக் கிடந்தால் ஆறப் பிந்தும். நோவு மருந்து சில மலச்சிக்கல் தரும், பப்பாசியும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும்.

முதல் மாதம் கண்ணாடி பார்த்து அழ வேண்டாம். மார்பு கழுத்துப் பக்கம் ஏறி, மேலே பிதுங்கி, ஒன்று மற்றதைவிட உயர்ந்து நிற்கும். தசை தளரத் தளர இறங்கி 3 தொடக்கம் 6 மாதத்தில் வடிவம் வரும், புதுச் சாறிச் சட்டை தைக்கக் கொடுப்பதை அதுவரை தள்ளிப் போடுங்கள். முலைக்காம்பு மரத்திருக்கும், அல்லது துணி பட்டாலே கூசும். பெரும்பாலும் சில மாதத்தில் சீராகும், சிலருக்கு நிரந்தரமாகவும் குறைந்துவிடுகிறது. எங்கள் தோலுக்குத் தழும்பு தடிக்கும் குணம் கூட. காது குத்திய இடத்திலோ சிசேரியன் வெட்டிலோ தடித்த தழும்பு இருந்தால் முன்கூட்டியே காட்டுங்கள். காயம் மூடிய பிறகு, இரண்டு மூன்று கிழமையில் தொடங்கி, சிலிக்கோன் ரேப்போ ஜெல்லோ மூன்று மாதம் விடாமல் போட்டால் தட்டையாகும்.

காய்ச்சல் 38 பாகைக்கு மேல், ஒரு பக்கம் சிவந்து சுடுவது, தையலில் வடிவது, ஒரு கெண்டைக்கால் வீங்கி நோவது, திடீர் மூச்சிழுப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்க வேண்டாம். செய்த நிபுணருக்கு அழைப்பெடுங்கள். எட்டாக்கையில் இருந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அழகுக்காகச் செய்தது என்று வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வாசலிலேயே "எனக்கு மார்பில் சிலிக்கோன் பை இருக்கிறது" என்று சொல்லுங்கள். வீக்கத்தைக் கண்டு யாராவது ஸ்கான் இல்லாமல் ஊசி குத்தி நீர் எடுக்கப் போனால் பை கிழியும். ஸ்கான் பார்த்துக்கொண்டே குத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நிபுணரைத் தெரிவதற்கு விளம்பரப் படத்தைப் பார்க்க வேண்டாம். அவருடைய பெயர் இலங்கை மருத்துவ சபையில் பதிவாகியிருக்கிறதா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் பட்டப்பின் பயிற்சி முடித்தவரா என்று பாருங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் உணர்வழியியல் நிபுணரா, இரவில் இரத்தம் கட்டினால் தியேட்டர் திறக்குமா, எந்தக் கொம்பனியின் பை, அது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான பொருளா என்று கேளுங்கள். பிரான்ஸில் பிஐபி என்ற கொம்பனி மருத்துவத் தரமில்லாத, கைத்தொழிலுக்குப் பாவிக்கும் சிலிக்கோனை அடைத்து விற்றது 2010இல் வெளியே வந்தபோது, பல நாடுகளில் பெண்கள் தங்களுக்குள் இருப்பது எந்தப் பை என்று தெரியாமல் தவித்தார்கள்.

அதனால் வீட்டுக்கு வரும்போது ஒரு அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டும். கொம்பனி, வகை, அளவு, இடம் வலம் இரண்டுக்கும் தொடரிலக்கம், சத்திரசிகிச்சைத் திகதி எல்லாம் அதில் இருக்கும். பையின் பெட்டியில் வரும் ஸ்ரிக்கரைத்தான் ஒட்டித் தருவார்கள். போட்டோ எடுத்து அக்காவுக்கும் ஒன்று அனுப்பிவிட்டு, அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு வையுங்கள். பின்னாளில் மமோகிராம் எடுக்கப் போனால் அதைக் கையோடு கொண்டு போங்கள். பையைப் பின்னால் தள்ளிப் பிடித்து எடுக்கும் மேலதிகப் படங்கள் தேவை, சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள்.